அப்பாவின் ஜீப் லாரிக்குப் பாயின்ட் இல்லாத இக்னிஷன்

பெட்ரோலைப் பற்றவைக்கும் இக்னிஷனில், பாயின்ட்டுக்குப் பதிலாக மாட்டும் எலக்ட்ரானிக் சாமானான பெர்ட்ரானிக்ஸ் இக்னைட்டர் கிட்டை எங்கள் பெட்ரோல் லாரியில் மாட்டி இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது. மாட்டிய மறுவாரமே எப்படி இருக்கிறது, எழுதுங்கள் என்று இரண்டு பேர் கேட்டார்கள். எழுத மனம் வரவில்லை. எதைப் புதுசாக மாட்டினாலும் முதல் வாரம் வண்டி நன்றாகத்தான் ஓடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் லோடோடு ஏற்காடு மலையை ஏறி இறங்கினால்தான் சாமானின் குணம் தெரியும்.

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். மஹிந்திரா எஃப்.சி.150. இங்கே எஃப்.சி. என்றால் ஃபார்வர்டு கன்ட்ரோல். மூக்கில்லாத ஜீப் லாரி. டிரைவர் முன் சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருப்பார். எஞ்சின் இரண்டு சீட்டுக்கும் நடுவில், ஒரு தகர மூடிக்குள் இருக்கும். அமெரிக்காவில் 1956 கடைசியில் வந்து 1965-ல் நின்றுபோன மாடல், இங்கே மஹிந்திரா அதற்கப்புறமும் செய்துகொண்டிருந்தது. எஞ்சின் பெயர் ஹரிக்கேன்: நாலு சிலிண்டர், 2,199 சிசி, இன்டேக் வால்வு மேலே ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில். பழைய பெட்ரோல் ஜீப்பில் இருப்பதும் இதே எஞ்சின்தான். அதனால் பெட்ரோல் ஜீப் வைத்திருப்பவர்களுக்கும் நான் சொல்வது முக்கால்வாசி பொருந்தும்.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர். காப்பி, சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகு, வீட்டுக்குக் கீழே பத்துப் பலா மரம். அப்பா இருந்த காலத்திலிருந்து இந்த வண்டிதான் சரக்கைக் கீழே கொண்டுபோகும், உரத்தையும் சாக்கையும் மேலே கொண்டுவரும். "இதுல ஒரு டீசல் எஞ்சினைத் தூக்கிப் போட்டுட்டா கவலையே இல்லைங்க" என்று சேலத்தில் எனக்குச் சொல்லாத ஆள் கிடையாது. அப்பா மாற்றவில்லை, நானும் மாற்றமாட்டேன். மார்கழிப் பனியில் விடிகாலை ஐந்து மணிக்கு இந்த எஞ்சின் பிடித்துக்கொண்டு மெல்ல ஓடும்போது, பக்கத்தில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்திருக்காது. எனக்கு அந்தச் சத்தம் வேண்டும்.

அது பிடித்துக்கொள்வதுதான் பெரும்பாடாக இருந்தது.

பாயின்ட் இக்னிஷனைப் பார்க்காத பிள்ளைகளுக்காக நாலு வரி. காயிலின் முதல் கம்பிச்சுற்றில் பேட்டரிக் கரன்ட் ஓடிக்கொண்டிருக்கும். பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் கேம், பாயின்ட் என்ற சின்ன சுவிட்சைத் திறந்ததும் கரன்ட் அறுபடும், அறுபட்ட வேகத்தில் இரண்டாவது கம்பிச்சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எகிறிப் பிளக்கில் பொறியாக விழும். திறக்கும் இடத்திலேயே பொறி பறந்து பாயின்ட் கருகிவிடாமல் காப்பது கன்டென்சர். நாலு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு பொறி. மலையில் இரண்டாவது கியரில் 2,000 ஆர்.பி.எம்.மில் ஏறினால் நிமிஷத்துக்கு 4,000 தடவை அந்தப் பாயின்ட் திறந்து மூடவேண்டும். அடிவாரத்திலிருந்து ஊருக்கு வந்துசேர எங்களுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாயின்ட்டைத் தள்ளும் ஃபைபர் குதிகால் கேம் மேல் உரசிக்கொண்டே இருப்பதால் தேயும். அது தேயத் தேய இடைவெளி குறையும், பாயின்ட் திறப்பது தாமதமாகும், டைமிங், அதாவது பொறி விழும் நேரம், பின்னுக்குப் போகும். ஒரே நாளில் நடந்தால் கண்டுபிடித்துவிடலாம். தினம் ஒரு மயிரிழை நடப்பதால் வண்டி சோர்ந்துபோவதே தெரியாது. நம் கால் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதிக்கப் பழகிக்கொள்ளும். அப்பா கை நன்றாக இருந்தவரை மாதம் ஒருமுறை இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்து 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ்) பார்த்துவிடுவார். எனக்கு அந்தப் பொறுமை உண்டு, ஆனால் நேரம் இல்லை. பழைய பாயின்ட் செட் ஒரு வருஷம் வந்தது. சமீபத்தில் வாங்கியவை நாலு மாதம் வந்தால் பெரிசு. ஒரு கன்டென்சர், வாங்கிய பெட்டியின் மசி காய்வதற்குள் போய்விட்டது.

மூன்று வருஷத்துக்கு முந்தைய கார்த்திகை. சேலம் லீ பஜாரில் மிளகு போட்டுவிட்டு, உர மூட்டை ஏற்றிக்கொண்டு, நானும் மகளும் மேலே வந்துகொண்டிருந்தோம். மழை நின்று பனி இறங்கிவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவில் பதினாலாவதைத் திரும்பும்போது மிஸ்ஸிங் ஆரம்பித்தது. ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு எஞ்சின் மூடியைத் தூக்கினோம். இந்த வண்டியில் இது ஒரு வசதி, மழையில் நனையாமல் கேபினுக்குள் உட்கார்ந்தே எஞ்சினைப் பார்க்கலாம். உள் விளக்கை அணைக்கச் சொல்லி அப்பா கற்றுக்கொடுத்திருக்கிறார். அணைத்தேன். மகள்தான் முதலில் பார்த்தாள். "அம்மா, நீலமா ஏதோ ஊருது." டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து மூன்றாம் நம்பர் ஒயரின் அடியில் மெல்லிய நீல இழை ஒன்று வழிந்து கிளாம்ப் வரைக்கும் நெளிந்துகொண்டிருந்தது. பிளக்குக்குப் போகவேண்டிய பொறி, ஈரத்தில் சுலபமான வழி கண்டுபிடித்து எஞ்சின் உடம்புக்குப் போய்க்கொண்டிருந்தது. துணியால் துடைத்து, மூடியைக் கழற்றி என் முந்தானையில் உட்பக்கம் ஒற்றி எடுத்து மாட்டினேன். மூன்று சிலிண்டரில் வீடு வந்தோம். அன்று ராத்திரிதான் பாயின்ட்டுக்கு ஒரு முடிவு கட்டுவது என்று தீர்மானித்தேன்.

சித்தப்பா மகன் அமெரிக்காவிலிருந்து வரும்போது கிட்டை வாங்கிவந்தான். அங்கே நூறு டாலருக்குக் கொஞ்சம் மேலே. கேட்கும்போது உங்கள் டிஸ்ட்ரிபியூட்டரின் மாடலைச் சொல்லிக் கேட்கவேண்டும், வண்டியின் பெயரைச் சொன்னால் போதாது. எங்களுடையது லூகாஸ் 25டி மாதிரி, பக்கவாட்டில் தட்டியிருக்கும் எழுத்தைத் துடைத்துப் பார்த்தால் தெரியும். அதோடு நெகட்டிவ் எர்த்தா, பாசிட்டிவ் எர்த்தா, அதாவது பேட்டரியின் எந்த முனை வண்டி உடம்போடு சேர்ந்திருக்கிறது என்றும் சொல்லவேண்டும். இரண்டுக்கும் கிட் வேறு வேறு, மாற்றி மாட்டினால் பணம் போனது போனதுதான்.

பெட்டியைத் திறந்தால் ஏமாற்றமாக இருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கறுப்பு மாட்யூல், அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர், கேம் மேல் செருக ஒரு வளையம். வளையத்துக்குள் காந்தங்கள் பதித்திருக்கும். காந்தம் மாட்யூலைத் தாண்டும்போது அதிலுள்ள ஹால் சென்சார் உணரும், டிரான்சிஸ்டர் காயில் கரன்டை அறுக்கும். தொடுவதும் இல்லை, உரசுவதும் இல்லை, தேய ஒன்றும் இல்லை. எட்வின் ஹால் 1879-ல் கண்டுபிடித்த விஷயம் என்று மகள் சொன்னாள், இயற்பியல் படிக்கிறாள். அவளுக்கு அதைப் பாடத்தில் பார்த்ததைவிட நம் லாரிக்குள் பார்த்ததில்தான் சந்தோஷம்.

மாட்டுவதற்குச் செவ்வாய்ப்பேட்டையில் அப்பா காலத்திலிருந்து போகும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். இந்த விமர்சனத்தில் பாதி மார்க் அவருக்குச் சேரவேண்டும். கிட்டைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜை மேல் வைத்துவிட்டார். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, மூடிக்குள் சுழன்று பொறியைப் பிரிக்கும் ரோட்டர் போடும் தண்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார்.

"பாயின்ட்டைத் திட்டாதீங்கம்மா. தண்டு ஆடுது பாருங்க. இதுல தங்கத்துல செஞ்சு மாட்டுனாலும் டைமிங் நிக்காது."

"அப்ப இன்னிக்கு மாட்ட முடியாதா பாய்?"

"மாட்டலாம். மாட்டி அனுப்பிட்டா பத்து நாள்ல நீங்களே என்னைத் திட்டுவீங்க. புஷ் போட்டுட்டு வாங்க."

உண்மை. கீழே தண்டைத் தாங்கியிருக்கும் புஷ் தேய்ந்து தண்டு ஆடினால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறி ஒவ்வொரு நேரத்தில் விழும். பாயின்ட்டில் அது பெரிதாகத் தெரியும், காந்தத்தில் கொஞ்சம் குறைவாகத் தெரியும், ஆனால் போகாது. நாலு கடை தள்ளி லேத்தில் கன்மெட்டலில் புஷ் கடைந்து போட்டார்கள், 600 ரூபாய். தண்டைக் கழற்றியதோடு அட்வான்ஸ் எடைக்கல் இரண்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, ஸ்பிரிங்கைப் பார்த்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பூட்டினார் பாய். அந்த எடைக்கல் இறுகிப்போயிருந்தால் வேகம் கூடும்போது டைமிங் முன்னுக்கு வராது. எத்தனை வண்டிகளில் அது வருஷக்கணக்காக இறுகிக் கிடக்கிறதோ!

அவர் செய்த இன்னொரு காரியம், நானாக இருந்தால் விட்டிருப்பேன். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் உட்காரும் தட்டுக்கும் உடம்புக்கும் நடுவே துணி சுற்றிய ஒரு குட்டி எர்த் ஒயர் இருக்கும். தட்டு அசைய அசைய அது உள்ளுக்குள் நைந்துவிடும், வெளித்துணி மட்டும் முழுசாக இருக்கும். எங்களுடையதில் மூன்று இழைதான் மிச்சம். மாட்யூலுக்கு எர்த் அந்த வழியாகத்தான். அதை மாற்றினார். ரோட்டரையும் மாற்றினார். நடுவில் ரிவெட் அடித்த ரோட்டரில் அந்த ரிவெட் வழியாகவே பொறி தண்டுக்கு இறங்கிவிடும் என்று, ரிவெட் இல்லாததாகப் பெட்டியில் தேடி எடுத்தார்.

கிட் மாட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பழைய பாயின்ட், கன்டென்சர் இரண்டும் வெளியே. மாட்யூல் அதே திருகு ஓட்டையில் உட்கார்ந்தது, வளையம் கேமில் இறங்கியது, சிவப்பு ஒயர் காயில் பாசிட்டிவுக்கு, கறுப்பு நெகட்டிவுக்கு. செல்ஃப் அடித்ததும் பிடித்துக்கொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து நிமிஷத்தில் முகம் மாறியது. ஐடிலில் திக்கியது, விளக்கைப் போட்டால் நின்றது.

அன்று முழுக்க அதிலேயே போயிற்று. இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள், இதே கிட்டை வாங்கிவிட்டு "சரியில்லை" என்று கழற்றிப் போடுகிறவர்களில் பலர் இங்கேதான் விழுந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். பாய் மீட்டரை எடுத்துக் காயிலின் முதல் கம்பிச்சுற்றை அளந்தார்: 1.5 ஓம். அதாவது அது பல்லாஸ்ட் காயில், கரன்டைக் குறைக்கும் ஒரு ரெசிஸ்டரோடு சேர்த்து மாட்டவேண்டியது. எப்போதோ யாரோ அதைப் போட்டு, வழியில் ஒரு பல்லாஸ்ட் ரெசிஸ்டரையும் மாட்டியிருக்கிறார்கள். ரெசிஸ்டரைத் தாண்டிக் காயிலுக்கு வந்துகொண்டிருந்தது 7 வோல்ட். பாயின்ட்டுக்கு அது சரி. மாட்யூலுக்கு அது அரை வயிறு. அதற்கு முழு 12 வோல்ட் வேண்டும், நாலு சிலிண்டருக்கு 3 ஓம் காயில் வேண்டும். ஓம் விதிதான்: 12 வோல்ட்டை 3 ஓமால் வகுத்தால் 4 ஆம்பியர். ரெசிஸ்டரை மட்டும் எடுத்துவிட்டு 1.5 ஓம் காயிலையே வைத்திருந்தால் 8 ஆம்பியர் ஓடி மாட்யூல் வெந்திருக்கும். ரெசிஸ்டரைக் கழற்றி, 3 ஓம் காயில் ஒன்று போட்டு, சாவி சுவிட்சிலிருந்து புது ஒயர் இழுத்தார். திக்கல் போய்விட்டது.

பிளக்குக்குப் பொறியைக் கொண்டுபோகும் ஹெச்.டி. ஒயரையும் மாற்றவேண்டியிருந்தது. எங்களுடையது உள்ளே வெறும் செம்புக் கம்பி. அதன் மின் இரைச்சல் எலக்ட்ரானிக் சாமானுக்கு ஆகாது. அந்த இரைச்சலை அடக்கும் சப்ரஷன் ஒயர் போட்டோம். பிளக் இடைவெளியை 30 தவ்விலிருந்து 35 ஆக்கினோம். புல்லியில் இருந்த டைமிங் கோட்டை மகள் தன் நெயில் பாலிஷால் வெள்ளையாக்கினாள், டைமிங் லைட் பிடித்து 5 டிகிரி முன்னால் வைத்தார் பாய். முன்பெல்லாம் லைட்டில் பார்த்தால் அந்தக் கோடு இப்படியும் அப்படியும் அலையும். அன்று ஆணி அடித்த மாதிரி நின்றது. "இப்பப் போங்க" என்றார். கூலி மட்டும் 1,800 வாங்கினார். முழு நாளைக்கு அது அதிகமே இல்லை.

இனி இரண்டு வருஷக் கதை.

காலை ஸ்டார்ட்டிங்கில் சந்தேகத்துக்கு இடமில்லை. பனியில் ராத்திரி முழுக்க வெளியே நின்ற வண்டி, சோக்கை இழுத்து செல்ஃபைத் தொட்டால் இரண்டாவது மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொள்கிறது. முன்பு பேட்டரி சாகும்வரை அடித்து, அதற்கப்புறம் தள்ளி... அந்தக் காலம் முடிந்தது. ஐடில் சீராக இருக்கிறது. பழ மூட்டையோடு இறங்கும்போதும் உர மூட்டையோடு ஏறும்போதும் ஆக்ஸிலரேட்டரில் கால் எங்கே வைக்கிறேனோ அங்கேயே எஞ்சின் நிற்கிறது. டைமிங்கை இந்த இரண்டு வருஷத்தில் மூன்று தடவை லைட் வைத்துப் பார்த்தேன். அசையவில்லை. எனக்கு இந்தக் கிட்டின் முழு விலையும் அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

பவர் கூடுமா என்று கேட்பார்கள். கூடாது. எஞ்சினுக்கு முதலில் இருந்த பவர் திரும்பி வரும், அவ்வளவுதான். டைமிங் பின்னுக்குப் போன வண்டியை ஓட்டிப் பழகியவர்களுக்கு அது கூடிய மாதிரி தெரியும். பெட்ரோல் கணக்கு எழுதி வைத்திருக்கிறேன்: லிட்டருக்கு ஆறரை வந்தது ஏழு வருகிறது. அதில் புஷ்ஷுக்கு எவ்வளவு, காயிலுக்கு எவ்வளவு, கிட்டுக்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியாது.

ஈரத்துக்கு இது மருந்து இல்லை. இதையும் அழுத்திச் சொல்கிறேன். அன்று பதினாலாவது வளைவில் நான் பார்த்த நீல இழை பாயின்ட்டின் குற்றம் அல்ல, வெடித்த மூடியின் குற்றம். கிட் போட்டாலும் மூடி, ரோட்டர், ஒயர் அப்படியேதான் இருக்கும். பொறி வலுத்தால் வெடிப்பு வழியாக இன்னும் வேகமாகத்தான் ஓடும். புது மூடி போட்டு, ஒயர் நுழையும் இடங்களில் ரப்பர் உறை இறுக்கமாக இருக்கிறதா என்று மழைக்கு முன்னால் பார்த்துவிடுகிறேன். அதற்கப்புறம் மலையில் இழை ஊரவில்லை.

இந்த முதல் வகை இக்னைட்டரில் எனக்குப் பயம் தரும் குணம் ஒன்று உண்டு. எஞ்சின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டுவைக்கக்கூடாது. கூடவே வந்த தாளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. காயிலில் கரன்ட் நின்றுகொண்டே ஓடினால் மாட்யூலும் காயிலும் சூடாகிக் கெட்டுவிடும். இதே கம்பெனியின் இரண்டாம் வகையில் அதற்குப் பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள். காசு கூட ஆனாலும் உங்கள் டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். எங்கள் தோட்டத்தில் மூட்டை ஏற்றும்போது யாராவது ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பி விளையாடுவார்கள். அதனால் டாஷ்போர்டில் சிவப்பு பல்பு ஒன்று வைத்திருக்கிறேன், சாவி ஆனில் இருந்தால் எரியும். எரிந்தால் யாராக இருந்தாலும் அணைக்கவேண்டும் என்பது வீட்டில் சட்டம்.

அடுத்தது, இது போனால் சொல்லாமல் போகும். பாயின்ட் சாகும் முன் மாதக்கணக்கில் முனகும், நடு வழியில் நக அரத்தால் தேய்த்து வீடு வரலாம். மாட்யூலைத் தேய்த்து ஒன்றும் ஆகாது. இதைச் சொல்லித்தான் என் பெரியப்பா இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. "காட்டு வழியில நிக்கிற வண்டிக்குப் பெட்டி வேலை ஆகாது" என்பார். அவர் பயம் நியாயமானது. ராத்திரி எட்டு மணிக்குக் மலைக்கு ஏறும் இன்னொரு பாதையான குப்பனூர் வழியில் நின்றுவிட்டால் மாட்யூல் எந்தக் கடையில் கிடைக்கும்? சேலத்திலேயே கிடைக்காது.

அதனால் பாய் சொன்னபடி செய்தேன். பழைய டிஸ்ட்ரிபியூட்டர் தட்டு ஒன்றைத் தேடி வாங்கி, அதில் புது பாயின்ட், கன்டென்சர் மாட்டி, 15 தவ் வைத்து, ஒரு பிஸ்கட் டின்னில் துணி சுற்றி வைத்திருக்கிறோம். கூடவே சின்ன ஸ்க்ரூடிரைவர், ஃபீலர் கேஜ், டார்ச், ஒயர் எங்கே போகவேண்டும் என்று மகள் வரைந்த தாள். 3 ஓம் காயில் பாயின்ட்டுக்கும் சரிப்படும், வேறு எதையும் தொடவேண்டியதில்லை. போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காப்பி களத்தில் வண்டியை நிறுத்தி, கிட்டைக் கழற்றித் தட்டை மாட்டி ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். மகள் பதினெட்டு நிமிஷத்தில் செய்தாள். பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவளை மறுபடி கிட்டையே மாட்டச் சொன்னார்.

அன்று மூடியைக் கழற்றியபோது நடுவில் ஸ்பிரிங் மேல் நிற்கும் கார்பன் குச்சி பாதி தேய்ந்திருந்ததைப் பார்த்தோம். ஐப்பசிக்குள் அதை மாற்றவேண்டும். அடுத்த வாரம் மிளகோடு கீழே போகும்போது பாயிடம் இரண்டு வாங்கி, ஒன்றைப் பிஸ்கட் டின்னில் போட்டுக்கொள்ளப் போகிறேன்.